பதில் சொல்லும் ரிமோட்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் புது ரிமோட்டைச் சார்ஜரிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பல் விளக்கக்கூட இல்லை. ஹால் – நிறுத்தம். சமையலறை – நிறுத்தம். மாடி அறை – ஓடுகிறது, சத்தம் 11. மாடியில் யாரும் இல்லை. நேற்று மாலை துணி மடிக்கும்போது நான் போட்டுவிட்டு மறந்த பாட்டு, விடிய விடியக் காலி அறைக்குப் பாடியிருக்கிறது. படுக்கையில் இருந்தபடியே அணைத்தேன். திரையில் "நிறுத்தம்" என்று வந்த பிறகுதான் எழுந்தேன்.

இந்த ரிமோட்டின் சமாச்சாரமே அதுதான். பழைய ரிமோட் நாம் சொல்வதைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடும். இது போன இடத்தில் என்ன நடந்தது என்று திரும்பி வந்து சொல்கிறது. எந்த அறை, என்ன பாட்டு, எவ்வளவு சத்தம், பாஸ் என்கிற அடி ஒலி எத்தனை, ட்ரெபிள் என்கிற உயர ஒலி எத்தனை, எல்லாம் உள்ளங்கை அகலத் திரையில் வருகிறது. ஒரு வீட்டில் இரண்டு ரிமோட் இருந்தால் ஒன்றில் மாற்றுவது மற்றதிலும் உடனே தெரிகிறது.

என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை.

"இவ்ளோ வாயாடி ரிமோட் எதுக்கு? அமுக்கினா பாட்டு வரணும். வரலைன்னா எழுந்து போய்ப் பாக்கணும். காது எதுக்கு இருக்கு?"

பதினாறு வருடமாக வீடுகளுக்கு ஆடியோ பொருத்துகிறோம். கடையில் மூன்றே பேர். அவர், நான், வயர் இழுக்கிற கம்பியண்ணன். நான் இயற்பியல் படித்தவள். வரைபடம், ப்ரோகிராம், பில், புகார் எல்லாம் என் பொறுப்பு. காது அவர் பொறுப்பு. ஒவ்வொரு வீட்டிலும் கடைசி நாளன்று எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, தனியாக உட்கார்ந்து ஒலியைப் பதப்படுத்துவார். கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் திருகுவார், எண்ணைப் பார்ப்பதில்லை. கம்பெனிக்காரர்கள் ஒலி அளக்கும் மைக் கொடுத்தபோது, "நம்பரைப் பாத்து வெக்கிறவன் கணக்குப்பிள்ளை. நான் என்ன கணக்குப்பிள்ளையா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வாடிக்கையாளர்கள் அவரைத் தேடி வருவதே அந்தக் காதுக்காகத்தான்.

மார்ச் 6, வியாழன்

பழைய வாடிக்கையாளர்களுக்கு இருவழி ரிமோட் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் எழுதச் சொன்னார். "நாலு வரி போதும். எவன் படிக்கப்போறான்?" பிடிக்காத பொருளையும் விற்கத் தெரிந்தவர்.

உட்கார்ந்தால் நாலு வரியில் நிற்கவில்லை. குடும்பத்தோடு வெளியூர் போன வக்கீல் ஒருவர் வாசலில் நின்றபடி பழைய ரிமோட்டை அமுக்கிவிட்டு, அணைந்துவிட்டதாக நினைத்துப் போய்விட்டார். அது அணையவில்லை. அவர் திரும்பி வரும்வரை ஒரே ஆல்பம் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறது. "பக்கத்து வீட்டுக்காரருக்கு மனப்பாடமே ஆயிடுச்சு மேடம், குளிக்கும்போது அதைத்தான் பாடுறார்" என்றார். இதைப் போடலாம். பெயர் போடாமல்.

பதில் வருகிறது என்பதுதான் மொத்தப் பயனும். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் அமுக்கிக்கொண்டே இருப்பதுதான் மனுஷனுக்கு எரிச்சல்.

மார்ச் 10, திங்கள்

பல் டாக்டரம்மா வீட்டுக்குப் புது ரிமோட் பொருத்தப் போனேன். சென்ற வருடம் நாங்கள் செய்த வீடு. ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் ஒரு சிறிய பெட்டியைச் சொருகினால் போதும், பத்து நிமிட வேலை. போனதும் பிடித்துக்கொண்டார்.

"என் மாமியார் பாட்டுப் போட்டாலே தலைவலின்னு எழுந்து போயிடறாங்க. நான் போடுறது பிடிக்காம நடிக்கிறாங்கன்னுதான் நெனச்சேன். இப்ப எனக்கே வலிக்குது. நாளெல்லாம் பல்லு குடையற சத்தத்துல நிக்கிறவ நான். வீட்டுக்கு வந்தா ஸ்பீக்கர்லயும் அதே சத்தம்!"

ரிமோட்டை இயக்கினேன். பாஸ் 0. ட்ரெபிள் +7.

ஏழு என்பது கத்தி. தாளத்தட்டும் 'ஸ', 'ச' ஒலிகளும் காதைக் கீறும். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். உள்ளறையிலிருந்து மாமியார் குரல் வந்தது: "இப்பத்தான் மனுஷங்க பாடுற மாதிரி இருக்கு." டாக்டரம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

யார் ஏழுக்கு ஏற்றினார்கள்? பழைய ரிமோட்டில் ட்ரெபிள் பொத்தானே கிடையாது. அலமாரியைத் திறந்து ஆம்ப்ளிஃபையரில்தான் மாற்ற முடியும். அலமாரிச் சாவி எங்கே என்றே டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை, தேடித்தான் கொடுத்தார். தூசு தட்டும்போது யாராவது திருகியிருக்கலாம்.

மார்ச் 11, செவ்வாய்

அவரிடம் கேட்டேன். "ஏழா? நானா? ஒண்ணு வெப்பேன். மிஞ்சினா ரெண்டு. யாராவது கை வெச்சிருப்பாங்க." உண்மையாகத்தான் சொன்னார்.

மார்ச் 14, வெள்ளி

இன்று மூன்று வீடுகள்.

வக்கீல் வீடு, இரண்டு வருடத்துக்கு முன் செய்தது: +5. துணிக்கடைக்காரர் வீடு, போன மழைக்காலத்தில் செய்தது: +8. மூன்றாவது வீட்டில் வயதான தம்பதி. எட்டு வருடத்துக்கு முன் செய்தது, அதன்பிறகு யாரும் தொட்டதே இல்லை: +1.

வீட்டுக்கு வந்து எங்கள் ஹாலைப் பார்த்தேன். இந்தப் பத்து நாளில் அந்த ரிமோட்டை எத்தனை தடவை கையில் எடுத்திருப்பேன். ட்ரெபிள் பக்கத்தை மட்டும் திறந்து பார்க்கவில்லை. +8.

கொஞ்ச நாளாகவே ஹாலில் பாட்டு ஓடினால் ஏதோ வேலை நினைவுக்கு வந்து நான் சமையலறைக்குப் போய்விடுவேன். அது ஏன் என்று இன்று தெரிந்தது.

 வருடம் ஏற ஏற எண்ணும் ஏறுகிறது. யாரும் கை வைக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சந்தேகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கதவோரமாக நின்றேன். துவைத்து முடித்ததும் அது கீச் கீச்சென்று கூப்பிடும். கூப்பிட்டது. அவர் பக்கத்தைத் திருப்பினார். மறுபடி கூப்பிட்டது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டு அது ஓய்ந்தது.

"துவைச்சு முடிஞ்சிருச்சு போலயே" என்றேன். நிமிர்ந்து, "அது எப்பவோ ரிப்பேர். இப்பல்லாம் சத்தமே கொடுக்கறதில்ல" என்றார்.

மகள் வேறு ஊரில் படிக்கிறாள், ஞாயிறுதோறும் பேசுவாள். அப்பாவைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். சிரித்தாள்.

"அப்பாகிட்ட என்ன சொன்னாலும் 'ஆமாமா'தான்மா. பரீட்சை எப்போன்னு கேட்டார். இருபத்திநாலாம் தேதிப்பான்னேன். 'ரொம்ப நல்லதும்மா, அப்படியே செய்'னார்."

என்னிடமும் அப்படித்தானே? "முணுமுணுக்காதே", "வாய்க்குள்ளயே பேசாதே" என்று இரண்டு வருடமாகச் சொல்கிறார். கம்பியண்ணனிடம் அப்படிச் சொல்வதில்லை. கம்பியண்ணன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற தடித்த குரல். என்னுடையது மெல்லிய குரல். மகளுடையதும்.

மார்ச் 17, திங்கள்

செவிடன் காதில் ஊதிய சங்கு. இந்தப் பழமொழியை அவர் முதுகுக்குப் பின்னால் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கூப்பிட்டால் பதில் இல்லை. சமையலறையிலிருந்து ஒன்று கேட்டால் ஹாலிலிருந்து ஒன்றும் வராது. பெண்டாட்டி பேச்சு என்றால் அவ்வளவு இளக்காரமா என்று மனதுக்குள் ஒரு மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். சென்ற வருடம் என் பிறந்தநாளன்று ஒன்று கேட்டேன், காதில் வாங்கவே இல்லை. நான் மூன்று நாள் பேசவில்லை. அவருக்கு ஏன் என்று தெரியாது. ஏன் என்று கேட்கவும் இல்லை. கேட்டாரோ என்னவோ, நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

இந்த மூட்டையை இப்போது எங்கே இறக்கி வைப்பது? கோபம் பொய் என்று தெரிந்தாலும் கனம் குறையவில்லையே!

அவருக்கு ஐம்பத்து மூன்றுதான் ஆகிறது.

மார்ச் 21, வெள்ளி

ரிமோட் மாற்றும் சாக்கில் கடந்த இரண்டு வருட வீடுகளுக்கெல்லாம் நானே போகிறேன். ஆறு வீடு. பெட்டியைச் சொருகுவது, ட்ரெபிளைக் குறைப்பது, ஒரு பாட்டை முழுக்க உட்கார்ந்து கேட்பது. எண்ணைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எல்லா வீட்டுக்கும் பூஜ்யம் சரிவரவில்லை. வக்கீல் வீட்டில் கனத்த திரைச்சீலை, அங்கே இரண்டு வேண்டியிருந்தது. துணிக்கடைக்காரர் வீட்டில் சுவரெல்லாம் கண்ணாடி, அங்கே ஒன்று கழிக்க வேண்டியிருந்தது. கேட்டுக் கேட்டுத்தான் வைத்தேன்.

கம்பியண்ணன் விடவில்லை. "ரிமோட் மாத்த நீங்க எதுக்கும்மா வெயில்ல அலையறீங்க? நான் போமாட்டேனா?"

"பிரசுரத்துக்குப் படம் எடுக்கணும்ண்ணே."

"ரிமோட்டைப் படம் எடுக்கவா பவுடர் பூசிட்டுப் போறீங்க?"

 சிரித்து வைத்தேன். ஒரு வீடு பூட்டியிருந்தது, அது பாக்கி.

மார்ச் 25, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன் – இல்லை, மாட்டிக்கொள்ளாமல் மாட்டிக்கொண்டேன். பல் டாக்டரம்மா போனில் கூப்பிட்டார்.

"நேத்து உங்க வீட்டுக்காரர் வந்தார். ஸ்பீக்கர் ஸ்டாண்டு ஆடுதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன். ரிமோட்டைக் கையில எடுத்தார். திரையில ஜீரோன்னு இருக்கு. 'யாரு கை வெச்சது?'ன்னார். ஒரு நிமிஷம் கண்ணை மூடிட்டு நின்னு, திருப்பி ஏத்திட்டுப் போயிட்டார். இப்ப ஆறுல நிக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க டாக்டர்?"

"உங்க பேரைச் சொல்லலாமா கூடாதான்னு தெரியல. மாமியார்தான் அமுக்கினாங்கன்னு சொல்லிட்டேன். அது அவங்க காதுல விழுந்திருச்சு. இப்ப என்கூடப் பேசறதில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏங்க, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? பேசிக்கமாட்டீங்களா?"

போய்த் திரும்ப இறக்கிவிட்டு வந்தேன். மாமியாரிடம் மன்னிப்பும் கேட்டேன். "உன் புருஷன் நல்ல மனுஷன்தான். ஆனா அவர் வந்துட்டுப் போனா எனக்குத் தலைவலி" என்றார்.

பழைய ரிமோட்டாக இருந்திருந்தால் நான் இறக்கியதும் அவர் ஏற்றியதும் ஒருவருக்கொருவர் தெரியாமலே ஆயுசுக்கும் நடந்திருக்கும். இதில் எதையும் மறைக்க முடியாது. இதையும் பயன் என்று பிரசுரத்தில் போடலாமா?

மார்ச் 27, வியாழன்

அடுக்குமாடி கட்டுகிறவர்களிடமிருந்து அழைப்பு. நாற்பது வீடுகளிலும் ஆடியோ. முதலில் மாதிரி வீடு ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும். அது பிடித்தால்தான் மற்றவை. ஏப்ரல் இரண்டாம் தேதி அவர்களுடைய இன்ஜினியர் வந்து கேட்பார். எங்கள் கடைக்கு இவ்வளவு பெரிய வேலை வந்ததே இல்லை.

அவர் முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது. "பெரிய கடைங்களை எல்லாம் விட்டுட்டு என்கிட்ட ஏன் வந்தாங்க தெரியுமா? 'உங்க காதைப் பத்திக் கேள்விப்பட்டோம்'னாங்க." திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் தனியாக உட்கார்ந்து பதப்படுத்தினால் ட்ரெபிள் எட்டில் போய் நிற்கும். இன்ஜினியர் காதைப் பொத்துவார். வேலை போகும். போகட்டும், வேலை வரும் போகும். ஆனால் தன் காது போய்விட்டது என்பதை முன்பின் தெரியாத ஒருவர் வாயால், நாலு பேர் நடுவில் அவர் கேட்கக் கூடாது. அதற்கு முன் நான் சொல்ல வேண்டும்.

சாப்பிடும்போது ஆரம்பித்தேன். "ஒரு தடவை காது டாக்டர்கிட்ட..."

"என்ன? வாய்க்குள்ளயே முணுமுணுக்காதே."

"ஒண்ணுமில்ல. மோர் வேணுமான்னு கேட்டேன்."

மார்ச் 30, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை. காரில் சொல்ல நினைத்தேன், இன்ஜின் சத்தம். கடையில் சொல்ல நினைத்தேன், கம்பியண்ணன். வீட்டில் என்ன சாக்கு? வீட்டில் சாக்கே இல்லை. பயம்தான்.

ஏப்ரல் 2, புதன்

முழுக்க எழுதிவிட வேண்டும்.

மாதிரி வீடு ஐந்தாவது மாடியில். பெயிண்ட் வாசனை போகவில்லை. ஹாலில் ஒரு ரிமோட், படுக்கையறையில் ஒரு ரிமோட். கம்பியண்ணன் வயர்களை முடித்துக் கூட்டிப் பெருக்கியும் வைத்துவிட்டார். நான் ப்ரோகிராமை ஏற்றிவிட்டு, வழக்கம்போல் ஹாலை விட்டு வெளியேறினேன். இன்ஜினியர் நடைபாதையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும், கூர்மையான ஆள். என் வீட்டுக்காரர் ஹால் கதவைச் சாத்திக்கொண்டார். நான் படுக்கையறைக்குள் போய் அந்த ரிமோட்டைக் கையில் எடுத்தேன். வேண்டுமென்று இல்லை. சும்மாதான் எடுத்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. திரையில்: ஹால். சத்தம் 20. பாஸ் +1. ட்ரெபிள் 0.

பாஸை ஒன்று கூட்டினார், குறைத்தார், ஸ்பீக்கரை அரை அடி நகர்த்தும் சத்தம் கேட்டது, பாஸ் சட்டென்று தெளிந்தது. அதில் இன்னும் அவரை மிஞ்ச ஆளில்லை. கேட்கக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. அதன்பிறகு ட்ரெபிள். 1. 2. 3. கொஞ்சம் நின்றது. 4. 5. 6.

கதவு வழியாகவே காதைக் குத்தியது. நடைபாதையில் இன்ஜினியரின் போன் பேச்சு நின்றதைக் கவனித்தேன்.

என் கட்டைவிரல் அமுக்கியது. 5. 4. 3.

அந்தப் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 4. 5. 6.

நான் இறக்கினேன். 5. 4. 3. 2.

பாட்டு ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் கையிலிருக்கும் திரையில், அவர் தொடாமலே எண் இறங்கியிருக்கும். அதைப் பார்த்திருப்பார். இந்த வீட்டில் இருப்பது இரண்டே ரிமோட், மற்றது யார் கையில் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? கதவைத் திறந்துகொண்டு வந்து கத்துவார் என்று காத்திருந்தேன்.  இப்படியா சொல்வது, ஒரு மனுஷனிடம்? வாய் இருக்கும்போது?

வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அசைவே இல்லை. 2. பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் பக்கத்திலிருந்து அசைந்தது. ஏறவில்லை. இறங்கியது. 1.

நின்றது. அவர் கேட்கிறார் என்று புரிந்தது. அவர் இதுவரை என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. பாட்டைக் கவனித்தேன். புது வீடு, வெற்றுச் சுவர், சோபா மட்டும்தான் இருக்கிறது. நாளைக்குத் திரைச்சீலை, கம்பளம், ஆள்கள் எல்லாம் வந்தால் கொஞ்சம் மங்கும். ஒன்று போதாது. ஒன்று கூட்டினேன். 2.

அவர் அதைத் தொடவில்லை.

கதவு திறந்தது. "முடிஞ்சுது சார். வந்து கேளுங்க" என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. இன்ஜினியர் உட்கார்ந்து மூன்று பாட்டுக் கேட்டார். பிறகு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நடுவுல கொஞ்சம் பயந்துட்டேன் சார். கடைசில எங்கயோ கொண்டு போயிட்டீங்க" என்றார். அவர் என்னைப் பார்க்காமல், "கேட்டுக் கேட்டுத்தான் வரும்" என்றார்.

காரில் திரும்பினோம். சிக்னலில் வண்டி நின்றது.

"எத்தனை நாளாத் தெரியும்?"

அவர் பக்கம் முழுக்கத் திரும்பி, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "பதினாலாம் தேதியிலேர்ந்து."

"எத்தனை வீடு?"

"ஆறு."

"ஆறையும் மாத்திட்டியா?"

"அஞ்சு. ஒண்ணு பூட்டியிருந்துச்சு."

ஏனோ சிரித்துவிட்டார். பிறகு ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பல் டாக்டர் வீட்டுல அந்தக் கிழவிதான் மாத்தினாங்கன்னு நானும் நம்பிட்டேன். பாவம்." என் பக்கம் திரும்பி, "ரெண்டுக்கும் ஆறுக்கும் எனக்கு இன்னிக்கு வித்தியாசமே தெரியல. ஆறுலதான் ஏதோ கொஞ்சம் இருக்குற மாதிரி இருந்துச்சு. நெசமாவே வித்தியாசம் இருக்கா?"

"இருக்குங்க."

"ரொம்பவா?"

"ரொம்ப."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து நேரமாகியிருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

கடைக்குப் போகவில்லை. மாடியில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கீழேயிருந்து திரையைப் பார்க்கவில்லை. ரிமோட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காது டாக்டரிடம் அவரே நாள் வாங்கியிருந்தார். என்னை வரச் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன், வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே இருந்த எனக்கே சில கீச்சொலிகள் லேசாகக் கேட்டன. உள்ளே அவர் கை அசையாமல் இருந்தது. பார்க்க முடியவில்லை. சுவரிலிருந்த கை கழுவும் முறை பற்றிய படத்தை நாலு தடவை படித்தேன்.

வரைபடத்தை டாக்டர் விளக்கத் தொடங்குமுன் அவரே வாங்கிப் பார்த்தார். இடது ஓரத்திலிருந்து நேராக வந்த கோடு பாதியில் சரிந்து கீழே விழுகிறது. "இதை எனக்குச் சொல்லத் தேவையில்ல டாக்டர். உயர ஒலிக்கான ஸ்பீக்கர் எரிஞ்சுபோன பெட்டி இப்படித்தான் கோடு போடும். நான் எத்தனையோ கழட்டி மாத்தியிருக்கேன்." டாக்டர் சிரித்துவிட்டு, இதைக் கழற்றி மாற்ற முடியாது, கருவி வைக்கலாம், பேச்சு நன்றாகத் தெளியும் என்றார்.

வெளியே வந்ததும்தான் பொங்கினார். "காதுல மெஷினை மாட்டிக்கிட்டு நான் ஸ்பீக்கர் விக்கிறதா? வழுக்கைத் தலையன் சீப்பு வித்த கதையா?"

"வழுக்கைத் தலையன் வித்தா வாங்கமாட்டாங்களா? சீப்புல தப்பு இல்லையே."

"பேச்சைப் பாரு" என்றார். நான் சொன்னது முதல் தடவையிலேயே கேட்டிருந்தது. நேராக நின்று சொன்னேன், அதனால்.

ஏப்ரல் 11, வெள்ளி

நாற்பது வீட்டு வேலையும் எங்களுக்கே. பிரசுரம் அச்சுக்குப் போனது. நாலு வரி இரண்டு பக்கமாகிவிட்டது. கம்பியண்ணன் இனிப்பு வாங்கி வந்தார். வாங்கிக்கொண்டே என் வீட்டுக்காரர் அவரிடம் தன் காது விஷயத்தைச் சொல்லிவிட்டார், ஏதோ கடை வாடகை பற்றிச் சொல்வது போல. கம்பியண்ணன் ஒரு நிமிடம் யோசித்தார். "அதான் போன வருஷம் நான் சம்பளம் ஏத்தச் சொல்லிக் கேட்டது விழலையா?"

"அது விழுந்துச்சு" என்றார் அவர்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பூட்டியிருந்த ஆறாவது வீடு திறந்துவிட்டது. இருவரும் போனோம். வீட்டுக்காரரிடம் அவர் சொன்னார்: "பாஸ், ஸ்பீக்கர் வெக்கிற இடம் என்னுது. மேல இருக்குற கீச்சுச் சத்தமெல்லாம் அம்மா டிபார்ட்மென்ட். எனக்குப் பாதிதான் கேக்கும்." வீட்டுக்காரர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. அதைச் சொல்ல அவருக்கு என்ன விலை ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் முடித்துவிட்டு வெளியே வந்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பதினாறு வருடத்தில் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நான் இருந்ததே இல்லை. இதுவரை மாற்றிய வீடுகளில் திருட்டுத்தனமாக, வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். இன்று யாரும் அவசரப்படுத்தவில்லை. கண்ணை மூடினேன். முதலில் என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. பிறகு பாட்டு. பாடுகிறவர் வரிக்கு நடுவே மூச்சு வாங்குவது, விரல் தந்தியை விட்டு விலகுவது – ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து நின்றது. மூன்று, அதிகம். ஒன்று, மங்கல். இரண்டில் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்று எனக்குத் தெரிந்தது. யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நேரம் போனதே தெரியவில்லை. வெளியே வந்தபோது அவரும் வீட்டுக்காரரும் தேநீர் குடித்து முடித்திருந்தார்கள்.

ஏப்ரல் 19, சனி

கருவிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தோம். சம்மதித்துவிட்டார். காரணம் நானோ டாக்டரோ இல்லை, மகள். பரீட்சை எப்படி எழுதினாள் என்று அவளிடம் நாலு தடவை கேட்டு, நாலு தடவையும் புரியாமல், போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில், "போய் அந்த மெஷினைப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

மாதிரிக் கருவியைக் கொஞ்ச நேரம் மாட்டிப் பார்த்தார்கள். நான் பின்னால் நின்று வழக்கமான குரலில் கூப்பிட்டேன், "என்னங்க." சட்டென்று திரும்பினார். அந்த முகத்தை எழுத எனக்கு வரவில்லை. "உன் குரல் இப்படியா இருக்கும்? மறந்தே போச்சு" என்றார். பக்கத்தில் கருவியை மாட்டிவிட்ட பெண் இருந்ததால் நான் பையில் எதையோ தேடினேன்.

பாட்டுக்கு இது அவ்வளவு சரிவருமா என்று கேட்டார். பழக வேண்டும், சிலருக்குப் பாட்டும் நன்றாகவே கேட்கும் என்றாள் அந்தப் பெண்.

திரும்பி வரும்போது உற்சாகமாக இருந்தார். நாற்பது வீட்டு வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது, கருவி அதற்குள் வந்துவிடும். "அதுவரைக்கும் ஒண்ணு ரெண்டு வீட்டை நீ பாத்துக்கோ. மெஷின் வந்ததும் பழையபடி நானே எல்லாத்தையும் பாத்துக்கறேன். உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

அன்பாகத்தான் சொன்னார். "சரிங்க" என்றேன்.

ஆனால் சரி இல்லை. வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, இதை எழுத உட்காரும்வரை யோசித்துவிட்டேன். அவர் காது எவ்வளவு தெளிந்தாலும் அந்த வேலையை நான் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. முழுவதும் வேண்டாம். பாஸும் ஸ்பீக்கர் வைக்கும் இடமும் அவருடையது, அதில் அவரை மிஞ்ச முடியாது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் கடைசி அரைமணி நேரம் என்னுடையது. நாற்பது வீட்டிலும்.

வருத்தப்படுவார். படட்டும். இரண்டு நாளில் சமாதானமாகிவிடுவார், இல்லாவிட்டால் நான் சமாதானம் செய்வேன்.

இப்போதைக்கு யாரிடமும் சொல்லவில்லை. கருவி வரட்டும். நன்றாகக் கேட்கிற காதில்தான் இதைச் சொல்ல வேண்டும்.